எட்டும் ஃபெயில்

எட்டாவது மென்பொருளும் தேறவில்லை. டீச்சர் நோட்டில் அதன் பெயருக்கு நேரே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

அவன் கீழ் வீட்டுக்காரன். பிஸ்கட் ஆலையில் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணி வரை அசைய மாட்டான். அதெல்லாம் போன மாதம் வரை. போன மாதம்தான் மேல் வீட்டு டீச்சர் பணி ஓய்வு பெற்றார், கையோடு ஒரு கீபோர்டும் வாங்கினார்.

பத்து மணிக்கு ஆரம்பிக்கும். ஒரே பாட்டு, நாலே வரி. மூன்றாவது வரியில் தடுக்கி விழும். எழுந்து மறுபடி முதலிலிருந்து வரும்.

நேற்று மாவு பிசையும் மிஷின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டான். சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை நடந்தால் ஒரேயடியாக வீட்டிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் எங்கே தூங்குவது?

சண்டைக்குப் போகவும் மனசு வரவில்லை. அவன் மகளைக் காசு வாங்காமல் கணக்குப் பரீட்சையில் கரையேற்றிவிட்ட புண்ணியவதி டீச்சர். "பதமா பேசுங்க" என்று மனைவி வேறு சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் இன்றைக்குப் படுக்காமல், புது ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். பதமாகத்தான் பேசினான். இதைக் கீபோர்டில் செருகிக்கொண்டால் வாசிப்பவருக்கு இன்னும் துல்லியமாகக் கேட்குமாம் என்றான்.

"போட்டுக்கறேன் தம்பி. முதல்ல சாஃப்ட்வேர் அமையட்டும், அப்புறம் ஹெட்ஃபோன். ஸ்டெப் தாண்டக் கூடாது."

கணக்கு டீச்சர் அல்லவா.

ஆக, அவன் தூக்கம் இப்போது ஒரு மென்பொருளின் கையில் இருந்தது.

பாட்டைப் பதிவு செய்கிற மென்பொருளைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? டீச்சர் லேப்டாப்பில் எதைத் திறந்து காட்டினாலும் புகழ்ந்தான். திரை நிறையப் பொத்தான்கள் இருந்தால் எவ்வளவு வசதி என்றான். இரண்டே பொத்தான் இருந்தால் குழப்பமே இல்லை என்றான். இன்னொன்று முப்பது நாள்தான் இலவசம் என்றது. முப்பது நாள் தூங்கினால் போதும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

டீச்சரிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நோட்டில் மார்க் போட்டு வைத்திருந்தார். பழகச் சுலபமா, அடிக்கடி நின்றுபோகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதிலெல்லாம் எட்டும் ஓரளவு தேறியிருந்தன. பதிவு எப்படி வருகிறது என்ற கட்டத்தில்தான் எட்டுக்கும் பூஜ்யம்.

"எல்லாத்துலயும் ஒரே கோளாறு தம்பி. ரெக்கார்டை அமுக்கினதுமே, நான் கை வைக்கறதுக்கு முன்னால, அடியில கர்ருன்னு ஒரு எரைச்சல். அதை அமுக்கத்தான் சவுண்டை முழுசா வச்சு வாசிக்கறேன். வாசிக்க ஆரம்பிச்சா அது அடங்கிடுது."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரைச்சல் என்றால் அது அவன் பேட்டை. பேரிங் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று காதாலேயே சொல்கிறவன். இந்த ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் இன்றைக்கே தூங்கிவிடலாம். கொண்டுவந்த ஹெட்ஃபோனை லேப்டாப்பில் செருகித் தானே மாட்டிக்கொண்டான்.

டீச்சர் எட்டாவதில் நேற்றுச் செய்த பதிவை ஓடவிட்டார்.

கர்ர்ர். சின்ன இடைவெளி. மறுபடி கர்ர்ர். வால்வு சரியில்லை என்று முதலில் நினைத்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மெல்லிசாக ஒரு விசில் வந்தது. வால்வு விசில் அடிக்காதே. கண்ணை மூடிக்கொண்டு கூர்ந்து கேட்டான்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் அவன் மனைவி பேசினாள்.

"ஏங்க, திரும்பிப் படுங்க."

கர்ர்ர் நின்றது. நாலு விநாடி நிசப்தம். பிறகு முன்னைவிடத் தெம்பாக ஆரம்பித்தது. அதன் மேல் டீச்சரின் பாட்டு, முதல் வரி, இடி மாதிரி வந்து விழுந்ததும் பட்டென்று அடங்கியது.

மெக்கானிக் கண்ணைத் திறந்தான். ஃபேன் காற்று படாமல் இருக்க டீச்சர் மைக்கை ஜன்னல் திட்டில் வைத்திருந்தார். அதற்கு நேர் கீழே அவனுடைய படுக்கையறை ஜன்னல்.

வெட்கத்தில் காது மடல் சுட்டது. சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் மிஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் அதை எந்த வாயால் சொல்வது?

"சாஃப்ட்வேர் கோளாறுதான் டீச்சர்," என்றான். "ஒன்பதாவதைப் பாத்துடுவோம்."

டீச்சர் அவனைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு கணம் பார்த்தார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அவன் தலையிலிருந்து ஹெட்ஃபோனைப் பதமாகக் கழற்றிக் கொண்டுபோய்க் கீபோர்டில் செருகினார்.

"ஒன்பதாவது பாஸாயிடும்னு தோணுது. நீங்க போய்த் தூங்குங்க தம்பி," என்றார். "மல்லாக்கப் படுக்காம, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க."