ராணி, ஹெக்டர் அஞ்சு

"ஈவா நாலு." அவள் குரல்.

"ஈவா நாலு." அவன் குரல்.

சமையல் மேடையில் ரெக்கார்டரில் முடிந்துபோன ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

பார்வையில்லாதவர்கள் ஆடும் சதுரங்கம். ஆட்டத்தைத் தாளில் எழுதுவதற்குப் பதில் குரலில் பதிந்துகொள்வார்கள். கட்டங்களை ஆள் பெயரும் எண்ணும் சேர்த்துச் சொல்வார்கள். ஒருவர் சொன்ன நகர்த்தலை எதிராளி திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை.

"குதிரை, ஃபெலிக்ஸ் மூணு."

"குதிரை, ஃபெலிக்ஸ் மூணு."

ஆட்டத்தின் தொடக்கத்தை மட்டும் எத்தனை முறை கேட்டிருப்பாள். தப்பு அங்கேதான் என்று தனக்குத்தானே சாதித்துக்கொண்டு. பத்தாவது நகர்த்தலில் நிறுத்திவிடுவாள். பத்தொன்பதாவதைக் கேட்கத் தெம்பு கிடையாது.

திருச்சியில், அந்த ஆட்டத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது அவன் கேட்டிருந்தான், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. நாலு வருஷப் பழக்கம். ஆட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்றாள்.

முடிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறிவிட்டாள். மூன்று வாரமாகிறது.

தோற்றதுகூடப் பரவாயில்லை. தோற்கும் நேரத்தில் பழிப்புக் காட்டினானே, அதுதான் ஆறவில்லை.

பத்தாவது வந்தது. கையெல்லாம் மாவு. ரெக்கார்டர் அதுபாட்டுக்கு ஓடியது.

அவன் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் திருப்பிச் சொன்னான். பதினைந்து. பதினெட்டு.

"ராணி, ஹெக்டர் அஞ்சு." அவளேதான். என்ன மிடுக்கு!

"ராணி, ஹெக்டர் அஞ்சு."

மின்விசிறிச் சத்தம். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.

"ராணி... ஹெக்டர் அஞ்சு?"

பிசைந்த கை நின்றது.

கடிகாரத்தை அவள் அப்போது அழுத்தியிருக்கவில்லை. அழுத்தும்வரை, தவறாகச் சொன்னதைத் திருத்தலாம். அது அவனுக்கும் தெரியும்.

"ஒரு தடவை சொன்னா போதும்." ரெக்கார்டருக்குள் அவள் சிடுசிடுத்தாள். டக். கடிகாரம்.

வெகுநேரம் கழித்துத்தான் அவன் ராணியை வெட்டினான்.

அடி மண்டு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அவனை அழைத்தாள்.

"நிறைமதியா?" அவன் குரல்.

"எனக்குச் சம்மதம்."

"எனக்குச் சம்மதம்." பழக்கதோஷம், திருப்பிச் சொல்லிவிட்டான்.

அவன் நாற்காலியை இழுத்து எழுவது கேட்டது.

"சம்மதமா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."