இறுக்கிக்கு வந்த சோதனை

"தம்பி, மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு!"

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பெரியவர் சத்தம் போட்டார். அவருடைய பெரிய டூரிங் பைக்கின் ஹேண்டில்பாரில் வழி பார்ப்பதற்காக மாட்டியிருந்த மொபைல் ஹோல்டர், குப்புறக் கவிழ்ந்து பெட்ரோல் டாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறை.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. நெடுந்தூரம் போகும் பைக்குகளுக்குப் பெட்டி, விளக்கு, ஹோல்டர் எல்லாம் மாட்டித் தருவதுதான் அவர் தொழில். அவர் மாட்டியது ஆடியதாகச் சரித்திரமே இல்லை. அதனால்தான் பைக் ஓட்டுபவர்கள் எல்லாரும் அவரை 'இறுக்கி' என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பேருக்குத்தான் இப்போது ஆபத்து.

"போன தடவை அதிர்வைத் தாங்கற ரப்பர் எல்லாம் போட்டேனே சார்!"

"என்னத்தைப் போட்டீங்களோ! நாளைக்கு நாலு நாள் டூர். எங்க கிளப்புல இருந்து இருபது வண்டி வருது. அங்கேயும் இது கவுந்துச்சுன்னா இருபது பேரும் பார்ப்பாங்க, சொல்லிட்டேன்."

இறுக்கி அவசரமாக ஸ்பானரைத் தேடி எடுத்தார். அந்த இருபது பேரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

பின்சீட்டிலிருந்து நிதானமாக இறங்கினார் பெரியவரின் மனைவி. "எப்படியாவது நிக்க வெச்சுடுங்க தம்பி. இல்லைன்னா பழையபடி நான்தான் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வழி சொல்லணும். தொண்டைத் தண்ணி வத்திடும்."

"ஏம்மா, சாருக்கு வழி தெரியாதா?"

"முப்பத்தஞ்சு வருஷம் ரயில் ஓட்டினவருக்கு வழி எப்படித் தெரியும்? தண்டவாளம் போற பக்கம் போனார், வந்தார். லெஃப்ட், ரைட்டுன்னு ஒண்ணு இருக்கறதே ரிட்டயர் ஆன பிறகுதான் இவருக்குத் தெரியும்!"

இறுக்கிக்கு அந்தக் கவலையிலும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவர் காதில் விழாதவர்போல டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

"அதனாலதான் இவர் பிறந்தநாளுக்கு நானே இந்த ஹோல்டரை வாங்கிக் கொடுத்தேன்" என்றார் அந்த அம்மா. "போன் வழி சொல்லுது, இவர் ஓட்டறார், நான் நிம்மதியா வரேன்."

இறுக்கி தரையில் உட்கார்ந்து ஹோல்டரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். ரப்பர் தேயவில்லை. மரை வழுக்கவில்லை. ஆனால் பசை போட்டு முறுக்கிய போல்ட், கை வைத்ததும் சுகமாகச் சுழன்று வெளியே வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"வண்டியை எங்கம்மா நிறுத்துவீங்க? யாராவது கைய வெக்கறாங்களா?"

"கீழ் வீட்டுல ரெண்டு வாலுங்க இருக்கு. எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இன்னிக்குப் போய் ஒரு பிடி பிடிக்கறேன்."

"சேச்சே, அதுங்க பாவம்!" என்று பெரியவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "அதிர்வுதான் காரணம். ரயில் என்ஜின்லயே பார்த்திருக்கேன். அதிர்வு எதை வேணும்னாலும் கழட்டிடும்."

"எதுவா இருந்தாலும் இதுக்கு மேல நடக்காது" என்று இறுக்கி எழுந்து உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். "இது திருட்டுக்குப் பயந்து போடற போல்ட். தலையில அஞ்சு மூலைக் குழி. இதுக்குன்னு உள்ள சாவி இல்லாம எவன் திருகினாலும் அசையாது. அந்தச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

புது ரப்பர் வைத்தார். பசை தடவினார். பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று போனைச் சுற்றி ஒரு வாரும் போட்டார். பிறகு தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய், தெருக்கோடியிலிருந்த வேகத்தடைகளின் மேல் நாலு தடவை வேண்டுமென்றே குதித்துவிட்டு வந்தார். போன் இம்மியும் அசையவில்லை. இறுக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் தம்பி" என்றார் அந்த அம்மா. "என்னங்க, எதிர்க் கடையில மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன். நீங்க கிளப்பி வைங்க."

அவர் தெருவைக் கடந்து கடைக்குள் நுழையும்வரை பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறுக்கியின் பக்கத்தில் வந்து நின்றார். வந்தபோது இருந்த அதட்டல் எங்கேயோ போயிருந்தது.

"தம்பி, அந்த போல்ட்டை எடுத்துட்டுப் பழையதையே போட்டுடுங்க."

"என்ன சார் விளையாடறீங்களா? நாலாவது தடவையும் கழண்டுடுமே!"

"அதுவா ஒண்ணும் கழலலை. மூணு தடவையும் நான்தான் கழட்டினேன்."

ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டது நினைவுக்கு வந்ததும் இறுக்கிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஏன் சார் என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போடறீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

பெரியவர் எதிர்க் கடை வாசலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"பாலம் தாண்டி லெஃப்ட்டு, மாடு வருது மெதுவா, அங்க பாருங்க எவ்வளவு கொக்குன்னு முன்னெல்லாம் என் தோளைத் தட்டித் தட்டிப் பேசிட்டே வருவா தம்பி. இதை மாட்டினதுலேர்ந்து வாயே திறக்கறதில்லை. போன வாரம், பின்னாடி இருக்காளான்னு ரெண்டு தடவை கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன்."