தொண்டையிலிருந்து வரும் பெயர்

ஹைஃபா மருத்துவமனை ஜன்னலில் மாலை வெயில் சாய்கிறது. ஹெதரின் மடியில் நேற்றுப் பிறந்த மகள். அமெரிக்காவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்திருக்கும் அவள் அப்பா, அவள் ஆங்கில எழுத்தில் அனுப்பிய குழந்தையின் பெயரைக் கைபேசித் திரையில் படிக்கிறார். "சென்." "சென் இல்லப்பா, ஃகென். தொண்டையிலேருந்து வரணும்." முயல்கிறார்; இருமல்தான் வருகிறது. அவள் கணவன் இஃப்தாக் சிரிக்கிறான். "விடுங்க மாமா. உங்க பொண்ணையே இங்க எல்லாரும் 'ஹெடெர்'னுதான் கூப்பிடறோம். எங்க ஹீப்ரூ பாஷையில அதுக்கு ரூம்னு அர்த்தம்." "நீங்களுமா மாப்பிள்ளே?" இஃப்தாக்கின் சிரிப்பு நிற்கிறது. அப்பா மகளைப் பார்க்கிறார். "உன் பேரைத் தப்பாச் சொல்றாங்கன்னு நீ சொல்லவே இல்லையேம்மா?" "பழகிடுச்சுப்பா," என்கிறாள் ஹெதர், குழந்தையின் துணியைச் சரிசெய்தபடி. அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். "இவ அப்படிப் பழகிக்க வேண்டாம். இன்னொரு தடவை சொல்லு." அவள் சொல்கிறாள். முகம் சிவக்க அவரும் சொல்லிப் பார்க்கிறார். கட்டிலோரம் இஃப்தாக், நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து, யாருக்கும் கேட்காமல், "ஹெதர்" என்று சொல்லிப் பார்க்கிறான்.