பாட்டின் சொந்தக்காரி

"முதல்ல அந்த ஒலிபெருக்கியை நிறுத்துங்க. அப்புறம் பேசலாம்."

அருங்காட்சியக அதிகாரி ஹோகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சொன்னவள், எதிரே பஸ் டிரைவர் சீருடையில் நின்றிருந்த ஐம்பதைத் தாண்டிய பெண்ணொருத்தி. வடக்குக் கோடியிலிருந்து பதினாறு மணி நேரம் ரயிலில் வந்தவள். காலையிலிருந்து ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

பாட்டு ஒலித்தது காப்பிக் கடைக்குப் பக்கத்தில். ஜனங்கள் ஏலக்காய் ரொட்டியைத் தின்றபடியே கேட்டுவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். மேலே பெரிய பலகை: 'வடக்குக் கோடிப் பழங்குடியினரான ஸாமி மக்களின் அழிந்துவரும் மொழியில் ஓர் ஒப்பாரி. ஏழு வயதில் இறந்த மகள் ரிஸ்டினுக்காகத் தந்தை பாடியது. 1951.'

"ஒப்பாரின்னு யார் சொன்னது? அது யோய்க். தூரத்துல இருக்கிறவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கறதுக்காகப் பாடறது."

"பதிவு பண்ணின பேராசிரியரே குறிப்பு எழுதியிருக்கார், மேடம். பாடும்போது தகப்பன் அழுதாராம். கூடாரத்துல குழந்தையோட சட்டை மட்டும் தொங்கிச்சாம்."

"ஏன் அழறேன்னு அவர் ஒரு வார்த்தை கேட்டாரா?"

"அதெல்லாம் நாப்பத்தஞ்சு வருஷக் கதை. உங்க பக்கத்துல இந்த மொழி பேசறவங்களே முப்பது பேர்தான் மிச்சம். நாங்க காப்பாத்தி வெச்சிருக்கோம். நியாயமாப் பார்த்தா நீங்க நன்றி சொல்லணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. என்ன திமிர்! "அந்த முப்பது பேர்ல ஒருத்தரைக்கூடக் கேக்காம என்னத்தைக் காப்பாத்தறீங்க? பாட்டுக்குச் சொந்தக்காரங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"பாடினவர் போய்ச் சேர்ந்துட்டார். பேராசிரியர் வீட்டுல கையெழுத்து வாங்கியிருக்கோம்."

"எங்க ஜனங்க வழக்கத்துல பாட்டு பாடினவனுக்குச் சொந்தமில்ல. பதிவு பண்ணினவனுக்குச் சொந்தமே இல்ல. யாரைப் பத்திப் பாடினாங்களோ, அவங்களுக்குத்தான் சொந்தம்."

ஹோகன் சிரித்துவிட்டான். "நல்லதாப் போச்சு. அப்ப அந்த ரிஸ்டின்தான் எழுந்து வந்து கேக்கணும். வந்து சொல்லட்டும், அடுத்த நிமிஷமே நிறுத்திடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாட்டேன். அவ வர்ற வரைக்கும் நெருங்கின சொந்தக்காரங்க யாராவது மனு குடுக்கலாம். இந்தாங்க படிவம்."

அவள் நின்றபடியே எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. மேஜைமேல் அதைப் போட்டுவிட்டு ஒலிபெருக்கிக்குக் கீழே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஹோகன் சாவகாசமாக எடுத்துப் படித்தான்.

பாட்டுக்கு உரியவர் பெயர்: ரிஸ்டின். சரி. இறந்த தேதிக்கான கட்டத்தில், 'இன்னும் இல்லை. அப்பாவிடமிருந்து பிடுங்கி அரசாங்க விடுதிப் பள்ளியில் அடைத்த தேதி வேண்டுமானால் தருகிறேன்: 1951 செப்டம்பர் 3' என்றிருந்தது.

அதற்குக் கீழே, 'அவர் மனுதாரருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: 'நானே.'