ஈ பிடிக்கும் பாட்டில்

“இன்னிக்கும் காணோம்!”

சாப்பாட்டுக் கடைக்காரம்மா சமையல்கட்டு ஜன்னலில் நின்று போட்ட கூச்சலில், கல்லாவில் இருந்த கணவர் எழுந்து ஓடிவந்தார்.

“எதைக் காணோம்?”

“ஈ பிடிக்கிற பாட்டில்தாங்க. வேற எது?”

செல்போனில் பார்த்து அவளே செய்தது. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, உள்ளே அழுகின மீன் தலையைப் போட்டிருந்தாள். உள்ளே போன ஈ வெளியே வராது. ஆனால் பாட்டில் ஜன்னலில் தங்கினால்தானே? சாயங்காலம் புதிதாக ஒன்று கட்டினால் விடிவதற்குள் மாயம். கடையிலோ ஈ பெருகிக்கொண்டே போனது. வாடிக்கைக்காரர்கள் ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் ஈ ஓட்டினார்கள். பாதிப் பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பின்பக்கச் சுவரில் எக்கிப் பார்த்தாள். அடுத்த கட்டடத்துக் கறிக்கடைக்காரரின் கொல்லைக் கடைசியில், கம்பத்தில் தொங்கியது நேற்று அவள் கட்டிய பாட்டில். கறுப்பாக ஈ மொய்த்துக் கிடந்தது.

“பாத்தீங்களா! அவன் கடை ஈயைப் பிடிக்க நம்ம பாட்டிலா? நம்ம பொழப்பைக் கெடுக்காம விடமாட்டான்.”

“எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.”

“கேட்டா ஒத்துக்குவானா? நேத்துகூட என்னமோ குழைஞ்சுக்கிட்டு வந்தான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டேன்.”

அதோடு விட்டாளா? சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள், பேரைச் சொல்லாமல்.

மத்தியானமே அதிகாரி கறிக்கடைக்கு வந்துவிட்டார். கறி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, வெட்டுக்கட்டை சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கொல்லைக்குப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“யாருய்யா இதைத் தொங்கவிட்டது?”

“நான்தான் சார்.”

“கறி விக்கிற இடத்துல அழுகின மீனா? ஒரு வாரம் கடையைத் திறக்கக் கூடாது.”

சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்திருந்தவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திருடின பொருளைத் தன்னுடையது என்று சாதிக்கிறானே, என்ன நெஞ்சழுத்தம்!

அதிகாரி தலை மறைந்ததும் நேரே போய் நின்றாள்.

“எங்க பாட்டிலைக் குடுங்க.”

பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

“தாராளமா எடுத்துக்கம்மா. ஆனா ஜன்னல்ல மட்டும் கட்டாதே. அந்த நாத்தத்துக்குத் தெரு ஈயெல்லாம் உன் அடுப்படிக்குத்தான் வருது. தள்ளிக் கட்டணும். உன் பக்கம் கொல்லை இல்லையேன்னு விடியக்காலையில எடுத்து இங்க கட்டினேன். சொல்லலாம்னுதான் நேத்து வந்தேன்...”

பாட்டிலுக்காக நீட்டிய கையை அவள் இறக்கினாள்.

“அ... அதிகாரிகிட்ட எங்க பாட்டில்னு சொல்லியிருக்கலாமே, அண்ணே?”

“சொன்னா நேரா உன் கடைக்குள்ள வந்திருப்பாரு. அங்க மொய்க்கிறதைப் பார்த்தா சும்மா விடுவாரா? கறிக்கடை ஒரு வாரம் கழிச்சுத் திறந்தாலும் ஜனம் வரும். சாப்பாட்டுக் கடைக்குப் பேர் கெட்டா அவ்வளவுதான்.”

பாட்டிலை அவள் கையில் கொடுத்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யாரோ போன் பண்ணிப் புகார் குடுத்திருக்காங்களாம்மா. அடுத்து உன் கடையைப் பத்தியும் சொல்லிடப் போறாங்க. ஜாக்கிரதையா இரு.”