காக்கி நூல்

நூலகத்தில் எடுத்த நாவலின் கடைசி அத்தியாயம் ஊசிநூலால் தைத்து மூடப்பட்டிருந்தது. சாதி மாறிக் காதலித்த இருவரும் விடியலில் உப்பளத்தைக் கடந்து ஓடுகிறார்கள். அதற்கடுத்த தாள் திறக்கவில்லை. பழைய துளைகளில் பல நிற நூல்துணுக்குகள் ஒட்டியிருந்தன. இப்போதைய தையல் காக்கி.

“அதுல பொண்ணோட அப்பனே ரெண்டு பேரையும் வெட்டிருவான்,” என்றார் நூலகர் சற்குணம். “பிரிச்சுப் படிக்கிறவங்க, மனசு கேக்காம திரும்பத் தைச்சுத்தான் கொண்டாந்து தர்றாங்க. நானும் ஒண்ணும் சொல்றதில்ல.”

வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்தேன். காக்கி நூலின் முனை பட்டனுக்குப் போடுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றப்பட்டு, முடிச்சு உள்ளே மறைந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படி முடிக்கிற தையற்காரர் ஒருவர்தான். அவர் நாவல் படித்து நான் பார்த்ததே இல்லை. வேறு சாதிக்காரனான அருள்தாஸைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து, நாலு மாதமாக, அவர் என்னிடம் பேசுவதுமில்லை.

வாசல் அறையில் தையல் மெஷின் நின்றது. அப்பா என் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரிக்காதம்மா,” என்றார். “கதை அங்கயே முடிஞ்சிருச்சு.”