நாக்கை நீட்டு

பூச்சி மாத்திரை கொடுத்த அன்று, அங்கன்வாடி டீச்சர் செண்பகவல்லி ஒவ்வொரு பிள்ளையையும் மென்று விழுங்க வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பெயருக்கு நேரே டிக் போட்டாள். தன் மகள் இதழினிக்கு மட்டும் கொடுக்காமலே டிக் போட்டுவிட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். சுத்தமாக வளர்த்தால் பூச்சி வராது என்று தாய்மார்களிடம் ஓயாமல் சொல்கிறவள் அவள். பிள்ளை வெளிக்குப் போகும்போது பூச்சி விழுந்து, அதை அவர்கள் பார்த்துவிட்டால்?

அடுத்த வாரம் தடுப்பூசி போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளிடம் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார். தாய்மார்கள் சுற்றி நின்றார்கள்.

“இருபத்திரண்டு பேர்ல உங்க பொண்ணுக்குத்தான் ஊசி சரியா பிடிக்கல டீச்சர். வயித்துல பூச்சி இருந்தா சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகலாம். மாத்திரை முழுங்கினாளா?”

செண்பகவல்லி வாய் திறப்பதற்குள் ஒரு தாய் முந்திக்கொண்டாள். “நாக்கப் பாக்காம டீச்சர் யாரையும் விட மாட்டாங்க சார்.”

செண்பகவல்லி மெல்லத் தலையாட்டினாள்.

மாத்திரை கொடுத்த அன்று மற்ற பிள்ளைகள் செய்ததையெல்லாம் பார்த்திருந்த இதழினி, அம்மாவின் முன்னால் வந்து நின்று, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினாள்.